ஒரு சொல்லிடம் என்ன கேட்டோம்? செயலாக்க ஆழமும் நினைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பத்துத் தடவை படித்தேன், ஒன்றுமே நிற்கவில்லை’ என்று சொல்லும் மாணவருக்கும், அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பெற்றோருக்கும், கரும்பலகைக்கு முன்னால் நின்று அதே பாடத்தை மூன்றாம் முறை நடத்தும் ஆசிரியருக்கும் எழக்கூடிய கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. உளவியல் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை.

செயலாக்க ஆழம் என்றால் என்ன?

கண்ணில் பட்ட ஒரு சொல்லை நம் மனம் எதுவரை கொண்டுபோகிறது என்பதைத்தான் செயலாக்க ஆழம் என்கிறார்கள். ‘குடம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணும்போது, மனம் எழுத்தின் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. ‘படம்’ என்ற சொல்லோடு அது எதுகையாகச் சேருமா என்று பார்த்தால், ஓசை வரை போகிறது. கிணற்றடியில் காணக்கூடிய பொருள்தானா என்று யோசித்தாலோ, பொருளைத் தொடாமல் விடை சொல்லவே முடியாது. குடத்தின் கழுத்து, அது இடுப்பில் அமரும் விதம், தளும்பும் நீர் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்துவிடும். முதலாவது மேலோட்டமான செயலாக்கம், மூன்றாவது ஆழமானது, ஓசை இரண்டுக்கும் நடுவில்.

இந்தக் கருத்தைக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்கார்ட் ஆகிய இருவரும் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார்கள். நினைவு என்பது தனியாகச் செய்யப்படும் ஒரு வேலை அன்று. ஒரு பொருளைப் பார்த்து, கேட்டு, புரிந்துகொள்ளும்போது அந்த வேலையின் கூடவே விளையும் ஒன்றுதான் அது என்பது அவர்கள் வாதம். வேலை எவ்வளவு ஆழமாகப் போகிறதோ, அவ்வளவு நாள் தடம் நிற்கும்.

அதற்கு முன்பு நினைவைப் பற்றி என்ன எண்ணியிருந்தார்கள்?

நினைவைப் பல அறைகள் கொண்ட கிடங்கைப் போலக் கருதிவந்தார்கள். 1968-இல் ரிச்சர்ட் அட்கின்சன், ரிச்சர்ட் ஷிஃப்ரின் ஆகியோர் வகுத்த மாதிரிப்படி, செய்தி முதலில் புலன்களில் ஒரு கணம் தங்கி, பிறகு குறுகிய கால நினைவுக்கு வந்து, அங்கே திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கப்படும் அளவுக்கு நீண்ட கால நினைவுக்குள் நுழைகிறது. அந்த மாதிரி இன்றும் பாடநூல்களில் உள்ளது. முழுவதும் தவறு என்று யாரும் தள்ளிவிடவில்லை. ஆனால் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்வியைக் காட்டிலும், அங்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்ற கேள்வியே முக்கியமானது என்று கிரெய்க்கும் லாக்கார்ட்டும் திருப்பிக் கேட்டார்கள்.

இதை எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்?

கிரெய்க், எஸ்டோனியாவில் பிறந்து டொராண்டோவில் பணியாற்றிய என்டெல் டல்விங் என்பவருடன் சேர்ந்து 1975-இல் வெளியிட்ட பத்துச் சோதனைகள்தாம் இத்துறையில் அதிகம் பேசப்படுபவை. பங்கேற்றவர்களிடம் இது பார்வையின் வேகத்தையும் விடையளிக்கும் வேகத்தையும் அளக்கும் சோதனை என்றே சொல்லப்பட்டது. நினைவு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் ஒரு கேள்வி காட்டப்படும், பிறகு ஒரு சொல் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னி மறையும், பங்கேற்பவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பொத்தானை அழுத்த வேண்டும். கேள்விகள் பல வகை. சொல் பெரிய எழுத்துகளில் இருந்ததா என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு சொல்லோடு அதன் ஓசை இயைகிறதா என்பது இன்னொன்று. அது ஒரு மீன் வகையா என்பதைப் போன்ற வகைப்பாட்டுக் கேள்வி ஒன்று. ‘அவன் தெருவில் ஒரு ... ஐச் சந்தித்தான்’ என்பதைப் போன்ற வாக்கியத்தில் அந்தச் சொல் பொருந்துமா என்பது மற்றொன்று.

எல்லாம் முடிந்து எழுந்துபோகலாம் என்று நினைக்கும் நேரத்தில், எதிர்பாராத தேர்வு வந்தது: பார்த்த சொற்களைப் பார்க்காத சொற்களோடு கலந்து கொடுத்து, எவற்றைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ‘ஆம்’ என்று விடை பெற்ற சொற்களில், எழுத்து வடிவம் பற்றிக் கேட்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத்தான் அடையாளம் கண்டார்கள். வாக்கியத்தில் பொருந்துமா என்று கேட்கப்பட்டவற்றுள் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல். அதே ஆள், அதே இடம், அதே அளவு நேரம் மின்னிய அதே வகைச் சொற்கள். மாறியது சொல்லின் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்.

இடையில் ஒரு சிறு குறிப்பு: பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே தமிழில் இல்லாததால், இந்தச் சோதனையை அப்படியே நம் மொழியில் நடத்த முடியாது. அதற்கு ஈடாக என்ன கேட்கலாம் என்பதைக் கடைசிக் கேள்வியில் காணலாம்.

பொருளை யோசிக்க அதிக நேரம் ஆகும். அப்படியானால் இது நேரத்தின் பயன்தானே, ஆழத்தின் பயன் எப்படி ஆகும்?

மிகச் சரியான ஐயம். கிரெய்க்குக்கும் டல்விங்குக்கும் இதே ஐயம் எழுந்தது. ஆகவே வேண்டுமென்றே ஒரு கடினமான, ஆனால் மேலோட்டமான வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொல்லில் மெய்யெழுத்துகளும் உயிரெழுத்துகளும் கொடுக்கப்பட்ட வரிசைப்படி அமைந்துள்ளனவா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். இதற்குச் சராசரியாக 1.7 வினாடி பிடித்தது. வாக்கியத்தில் பொருந்துமா என்று சொல்ல 0.83 வினாடியே போதுமாக இருந்தது. பிறகு நடந்த தேர்விலோ, இரு மடங்கு நேரம் உழைத்த சொற்களில் 57 விழுக்காடும், பாதி நேரத்தில் முடிந்த சொற்களில் 82 விழுக்காடும் அடையாளம் காணப்பட்டன.

படிக்கும் மேசையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்று கணக்கு வைக்கும் வீடுகளில் இந்த இரண்டு எண்களையும் ஒட்டிவைக்கலாம் என்பது என் எண்ணம்.

நினைவில் வைக்க வேண்டும் என்ற உறுதி இருந்தால் போதாதா?

1969-இல் தாமஸ் ஹைட், ஜேம்ஸ் ஜென்கின்ஸ் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். 24 சொற்கள் கொண்ட பட்டியலைச் சிலருக்குக் கொடுத்து, இதைப் பிறகு சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். வேறு சிலருக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் இனிமையானதா, இனிமையற்றதா என்று மதிப்பிடச் சொன்னார்கள். மூன்றாவது சாராருக்குச் சொல்லில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வருகிறதா என்று தேடும் வேலை, அல்லது எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்லும் வேலை. முன்கூட்டி எச்சரிக்கப்பட்டவர்கள் சராசரியாக 16 சொற்கள் அளவுக்குச் சொன்னார்கள். இனிமையை மதிப்பிட்டவர்கள், தேர்வு உண்டு என்பதே தெரியாமல், அவர்களுக்கு நிகராகச் சொன்னார்கள். எழுத்தைத் தேடியவர்களும் எண்ணியவர்களும் பத்தை எட்டவில்லை.

இதனால் உறுதி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தேர்வு உண்டு என்று அறிந்தவர் தாமாகவே பொருளைப் பற்றி யோசிக்கவும், ஒரு சொல்லை மற்றொன்றோடு இணைக்கவும் தொடங்குகிறார். உறுதி அந்த வேலையைச் செய்யத் தூண்டும் அளவுக்குத்தான் உதவுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை உற்றுப் பார்ப்பது அந்த வேலை அன்று.

திரும்பத் திரும்பச் சொன்னால் பதிந்துவிடும் என்பது பொய்யா?

எப்படித் திரும்பச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1973-இல் கிரெய்க்கும் மைக்கேல் வாட்கின்ஸும் ஒரு தந்திரமான சோதனை செய்தார்கள். ஒரு நீண்ட பட்டியலை வாசிப்போம். அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் கடைசிச் சொல் எது என்பதை மட்டும் இறுதியில் சொன்னால் போதும் என்றார்கள். தமிழில் எண்ணிப் பாருங்கள்: ‘க’வில் தொடங்கும் சொல் என்று வைத்துக்கொண்டால், பட்டியலில் ‘கடல்’ வந்ததும் அதை மனத்துக்குள் முணுமுணுத்துப் பிடித்துக்கொள்வீர்கள், பிறகு ‘ஏணி, பசு, விளக்கு’ என்பவை கடந்து ‘கயிறு’ வரும், அந்த நொடியே ‘கடல்’ கைவிடப்படும், ‘கயிறு’க்கு அடுத்ததாகவே ‘கரடி’ வந்துவிட்டால், ‘கயிறு’ ஒரு நொடிகூடத் தங்காது. இப்படிச் சில சொற்கள் நீண்ட நேரம் முணுமுணுக்கப்படும், சில உடனே விழும். எல்லாப் பட்டியல்களும் முடிந்தபின், நினைவுக்கு வரும் சொற்கள் அனைத்தையும் சொல்லுங்கள் என்று திடீரென்று கேட்டார்கள். நீண்ட நேரம் முணுமுணுக்கப்பட்ட சொற்களுக்கு எந்தக் கூடுதல் பயனும் கிடைக்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். 1979-இல் நிக்கர்சனும் ஆடம்ஸும் அமெரிக்கர்களை ஒரு சென்ட் நாணயத்தை வரையச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் கையில் புழங்கிய நாணயம். அதிலுள்ள எட்டு முக்கிய அம்சங்களில் மூன்றளவுக்கே பெரும்பாலோரால் சரியான இடத்தில் வைக்க முடிந்தது. வேண்டுமானால் பத்து ரூபாய் நாணயத்தைப் பார்க்காமல் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நாணயத்திடம் நாம் எப்போதும் கேட்பது அதன் மதிப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான். அதற்கு அளவும் நிறமும் போதும். கேட்காதது பதிவதில்லை.

ஆனால் திரும்பச் சொல்வது முற்றிலும் வீண் என்பதும் சரியன்று. பின்னர் வந்த சில ஆய்வுகள், வெறும் முணுமுணுப்பும் பார்த்ததை அடையாளம் காண்பதில் ஓரளவு உதவுகிறது என்று காட்டின. நாமாகவே நினைவுக்குக் கொண்டுவந்து சொல்ல வேண்டிய இடத்தில்தான் அது கைகொடுப்பதில்லை.

1975-ஆம் ஆண்டுச் சோதனைகளில், ‘இல்லை’ என்று விடை பெற்ற சொற்களைவிட ‘ஆம்’ என்று விடை பெற்றவை ஏன் கூடுதலாக நினைவில் நின்றன?

கேள்வியும் சொல்லும் ஒன்றாகப் பிணைந்துகொள்வதே காரணம் என்று கிரெய்க்கும் டல்விங்கும் கருதினார்கள். ‘சுறா ஒரு மீனா?’ என்றால் இரண்டும் ஒரே காட்சியாகிவிடுகின்றன. ‘மேசை ஒரு மீனா?’ என்றால் ஒட்டுவதற்கு இடமில்லை. இதே வரிசையில் இன்னொரு சோதனையில், குட்டி வாக்கியங்களையும் விரிவான வாக்கியங்களையும் ஒப்பிட்டார்கள்: ‘அவன் ... ஐக் கீழே போட்டான்’ என்பது ஒரு பக்கம். பெரிய பறவை ஒன்று பாய்ந்து இறங்கித் துடிக்கும் ஏதோ ஒன்றைத் தூக்கிச் சென்றது என்பது மறுபக்கம். இரண்டிலும் பொருளைத்தான் யோசிக்கிறோம், ஆழம் ஒன்றே. ஆனால் விரிவான வாக்கியத்தில் பொருந்திய சொற்கள் மேலும் நன்றாக நினைவில் நின்றன. ஆகவே ஆழம் மட்டும் போதாது, விரிவும் வேண்டும் என்று அவர்களே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

ஆழத்தை எப்படி அளப்பது?

இந்தக் கோட்பாட்டின் பலவீனமான இடம் இதுதான். நேரத்தைக் கொண்டு அளக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். அப்படியானால் எது ஆழமானது? எது நினைவில் நிற்கிறதோ அது. அது ஏன் நினைவில் நின்றது? ஆழமாகச் செயலாக்கப்பட்டதால். செக்குமாடு சுற்றுவதைப் போன்ற இந்தச் சுழல் வாதத்தை 1977-இல் தாமஸ் நெல்சனும், 1978-இல் பிரிட்டன் உளவியலாளர் ஆலன் பேடலியும் கடுமையாகச் சாடினார்கள். சாடலில் நியாயம் உண்டு. வடிவம், ஓசை, பொருள் என்ற வரிசை பெரும்பாலான சோதனைகளில் உறுதியாக நிற்கிறது என்பது வேறு, ஆழத்துக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது என்பது வேறு. முதலாவது உண்டு, இரண்டாவது இன்றுவரை இல்லை.

அப்படியானால் ஓசையால் பயனே இல்லையா? எதுகையும் மோனையும் எதற்கு?

தமிழ் படித்தவர்கள் உடனே கேட்கும் கேள்வி இது. விடை 1977-இல் மோரிஸ், பிரான்ஸ்ஃபோர்ட், ஃபிராங்க்ஸ் ஆகிய மூவரும் செய்த ஆய்வில் உள்ளது. முன்போலவே சில சொற்களுக்குப் பொருள் பற்றிய கேள்வி, சிலவற்றுக்கு ஓசை பற்றிய கேள்வி. ஆனால் தேர்வை இரண்டு விதமாக வைத்தார்கள். வழக்கமான தேர்வில், பொருளை யோசித்த சொற்களில் 84 விழுக்காடும் ஓசையை யோசித்தவற்றில் 63 விழுக்காடும் அடையாளம் காணப்பட்டன. மற்றொரு தேர்வில் சொல்லையே காட்டவில்லை. நீங்கள் பார்த்த சொற்களோடு ஓசையில் இயையும் சொல் இது, சரியா என்று மட்டும் கேட்டார்கள். அங்கே வரிசை தலைகீழாகியது: ஓசையை யோசித்தவற்றுக்கு 49, பொருளை யோசித்தவற்றுக்கு 33. படிக்கும்போது செய்த வேலையும், கேட்கும்போது செய்ய வேண்டிய வேலையும் ஒத்துப்போனால்தான் நினைவு கைகொடுக்கும் என்பதே இதன் பொருள்.

இப்போது நம் மரபைத் திரும்பிப் பாருங்கள். பாட்டை வாயால் சொல்லி, காதால் கேட்டு, அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிய காலத்தில், தேவைப்பட்டது அடுத்த அடி எது என்பதைப் பிசகாமல் எடுத்துக்கொடுக்கும் ஏற்பாடு. எதுகை அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தைக் கட்டிப்போடுகிறது. மோனை முதலெழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகிவிடுவதால், வரிசை தப்ப வழியே இல்லை. ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையில் செல்வதும் அவ்வாறே. ‘அ’ முடிந்தால் ‘ஆ’ என்று எழுத்தே விரல்பிடித்து அழைத்துச் செல்கிறது. சொல்ல வேண்டியது சொல்லுக்குச் சொல் அப்படியே என்றால், ஓசைவழிப் பதிவு மிகப் பொருத்தமான பதிவு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஓசைவழியே பதித்துவிட்டுப் பொருள்வழியே கேட்கும்போது. குறளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் குழந்தையை நடுவில் நிறுத்தி, ‘இதில் எதை எதோடு ஒப்பிடுகிறார்?’ என்று கேட்டால், குழந்தை மறுபடி முதல் சீரிலிருந்து தொடங்கும். அது மந்தம் அன்று. அந்தப் பதிவுக்குள் நுழைய அதனிடம் இருப்பது அந்த ஒரே வாசல்தான். மனப்பாடமே கூடாது என்று பேசுபவர்களோடும், மனப்பாடம் இருந்தால் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

நன்றாகத் தெரிந்த விடை தேர்வு அறையில் வராமல், வெளியே வந்ததும் வருவது ஏன்?

பதிவு இருப்பது ஒன்று, அதை எட்டுவதற்கான துப்பு இருப்பது இன்னொன்று. டல்விங்கும் அவருடன் பணியாற்றிய தாம்சனும் 1973-இல் வகுத்த விதிப்படி, ஒரு துப்பு பயன்பட வேண்டுமானால் பதியும் நேரத்திலேயே அது பதிவோடு சேர்ந்திருக்க வேண்டும். 1974-இல் பார்க்ளே குழுவினர் செய்த சோதனையில் இது அழகாக வெளிப்பட்டது. ‘அவர் பியானோவைத் தூக்கினார்’ என்று படித்தவர்களுக்குக் ‘கனமான ஒன்று’ என்ற துப்பு உதவியது. ‘அவர் பியானோவுக்குச் சுருதி சேர்த்தார்’ என்று படித்தவர்களுக்கு ‘இனிய ஓசை எழுப்பும் ஒன்று’ என்ற துப்பே உதவியது. பியானோ கனமானது என்று யாருக்குத் தெரியாது? தெரிந்திருந்தும், படித்த நேரத்தில் அந்தப் பக்கத்தை எண்ணாததால் அந்த வழி திறக்கவில்லை. ஆகவே ஒரு பாடத்தை ஒரே கோணத்தில் பத்து முறை படிப்பதைவிட, நான்கு கோணங்களில் நான்கு முறை அணுகுவது கூடுதல் வாசல்களை வைக்கும்.

தமிழ்வழியில் அறிவியல் கலைச்சொற்களைப் படிப்பவர்களுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா?

நிறைய உண்டு, ஆனால் கையில் இருப்பதை நாம் பயன்படுத்துவதில்லை. ‘இருவாழ்வி’, ‘ஒட்டுண்ணி’, ‘ஒளிச்சேர்க்கை’, ‘நீராவிப்போக்கு’ ஆகிய சொற்கள் தம் பொருளைத் தம் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு நிற்கின்றன: நீரிலும் நிலத்திலும் இரு வாழ்வு வாழ்வது, ஒட்டிக்கொண்டு உண்பது, ஒளியால் சேர்ப்பது. ஆனால் வகுப்பில் இவை ஐந்து மதிப்பெண் விடையின் தலைப்பாக வேகமாக ஒலித்து மறைவதால், பல மாணவர்களின் காதில் ‘ஒட்டுண்ணி’க்குள் இருக்கும் ‘ஒட்டு’ம் ‘உண்ணி’யும் விழுவதே இல்லை. ஒரு நிமிடம் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், வடிவத்தில் நின்ற கண் பொருளுக்கு இறங்கிவிடும்.

எல்லாச் சொற்களும் இப்படி உதவா. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘சவ்வூடு பரவல்’ என்றிருப்பது இலங்கைப் பாடநூலில் ‘பிரசாரணம்’ என்று வரும். முதலாவதைப் பிரித்தால் பொருள் கிடைக்கும், இரண்டாவதை வேறு ஏதாவது ஒன்றோடு முடிந்துவைக்க வேண்டும். மாறாக, இலங்கையின் ‘ஆவியுயிர்ப்பு’ என்ற சொல் நம் ‘நீராவிப்போக்கு’க்குச் சற்றும் குறைந்ததன்று; எனக்கு அது கூடுதல் அழகாகவே படுகிறது.

சொல்லைப் பிரிப்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. ‘சவ்வூடு பரவல்’ என்ற பெயர் சவ்வின் ஊடாக ஏதோ பரவுகிறது என்ற பாதிக் கதையைத்தான் சொல்கிறது. எது, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. மீதிக் கதைக்கு அடுக்களைக்குப் போகலாம். மாங்காயைத் துண்டு போட்டு, கல்லுப்பைத் தூவி, ஜாடியில் மூடி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலேயே மறுநாள் காலையில் துண்டுகள் நீரில் மிதக்கும். துண்டுகளின் ஓரம் சுருங்கித் தோல் தளர்ந்திருக்கும். உப்புச் செறிவு குறைந்த உட்புறத்திலிருந்து, செறிவு மிகுந்த வெளிப்புறத்துக்குச் சவ்வின் வழியே நீர் வந்திருக்கிறது. இதை ஒரு முறை எண்ணிப் பார்த்த மாணவருக்கு வரையறையில் ‘செறிவு குறைந்த’, ‘செறிவு மிகுந்த’ என்ற இரண்டும் இடம் மாறாது. மாறினால் மாங்காய் உப்ப வேண்டியிருக்கும்.

ஆங்கிலச் சொற்களைக் கற்கும்போது என்ன செய்யலாம்?

ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிர்ப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதி மேலிருந்து கீழாக வாசிப்பது, பெரும்பாலும் ஓசைநிலையிலேயே நின்றுவிடும். இரண்டு மாற்றங்கள் போதும். முதலாவது, சொல்லைத் தம்மோடு பொருத்திப் பார்ப்பது. 1977-இல் ரோஜர்ஸ், கைப்பர், கர்க்கர் ஆகியோர் சில பண்புச் சொற்களைக் காட்டி, சிலவற்றுக்கு வடிவம், ஓசை, பொருள் பற்றியும், வேறு சிலவற்றுக்கு ‘இது உங்களுக்குப் பொருந்துமா?’ என்றும் கேட்டபோது, தம்மைப் பற்றி யோசித்த சொற்களே மிகுதியாக நினைவில் நின்றன. ‘பிடிவாதம்’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போது, வீட்டில் அது யாருக்குப் பொருந்தும் என்று யோசித்தால் விடை கிடைக்க நேரம் ஆகாது. இரண்டாவது, விடையை வாசிக்காமல் தாமே உண்டாக்குவது. 1978-இல் ஸ்லமெக்காவும் கிராஃபும் காட்டியபடி, ஒரு துப்பையும் முதல் எழுத்தையும் வைத்துக்கொண்டு தாமே நிரப்பிய சொல், முழுதாக எழுதித் தரப்பட்ட சொல்லைவிட நன்றாகத் தங்குகிறது. எதிர்ப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை.

புரிந்துதான் படித்தேன், ஆனாலும் ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. ஏன்?

புரிதல் நல்ல தொடக்கம்; அதுவே முடிவு அன்று. 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து, சிலரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. காலையில் படித்து மதியம் தேர்வு எழுதுபவர்கள் மறுவாசிப்பை ஏன் அவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு முதல் இரண்டு எண்களே விளக்கம். அடுத்த வாரம் ஏன் கைவிரிக்கிறார்கள் என்பதற்கு அடுத்த இரண்டும்.

மூளையில் இதற்கு அடையாளம் உண்டா?

உண்டு. 1994-இல் டொராண்டோவில் கபூர் குழுவினர், ஒரு சொல் உயிருள்ளதைக் குறிக்கிறதா என்று யோசிப்பவர்களின் மூளையையும், அதில் ஒரு எழுத்து இருக்கிறதா என்று தேடுபவர்களின் மூளையையும் மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று படமாகக் காட்டும் பாசிட்ரான் உமிழ்வு வரைவி (PET) கொண்டு ஒப்பிட்டார்கள். பொருளை யோசித்தபோது இடது முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி கூடுதலாக இயங்கியது.

எல்லா வகை நினைவுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. ஒரு சொல்லை ஏற்கெனவே பார்த்திருந்தால், மறுமுறை அது மங்கலாக மின்னினாலும் எளிதில் படித்துவிடுகிறோம். பார்த்தது நினைவில்லாவிட்டாலும் இது நடக்கும். முதல் முறை வடிவத்தைப் பார்த்தோமா பொருளை யோசித்தோமா என்பதால் இந்த எளிமை கூடுவதோ குறைவதோ இல்லை என்று 1981-இல் ஜேகபியும் டல்லஸும் காட்டினார்கள். தெரிந்தே நினைவுகூரும் நினைவுக்குத்தான் ஆழம் தேவைப்படுகிறது.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே படித்தால்?

கவனம் பிரிந்தால் முதலில் பலியாவது பொருள்தான். எழுத்தும் ஓசையும் எப்படியோ உள்ளே போய்விடும். 1996-இல் கிரெய்க் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், கற்கும் நேரத்தில் கவனத்தைப் பிரித்தபோது நினைவு பெரிதும் குறைந்தது. ஏற்கெனவே கற்றதை நினைவுகூரும் நேரத்தில் பிரித்தபோது இழப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

முடியும், ஒரு மாலைப்பொழுதும் கொஞ்சம் துண்டுச் சீட்டும் போதும். குதிரை, சங்கு, விறகு, கிண்ணம், நிலா, ஊஞ்சல், பானை, தட்டு என்பவற்றைப் போன்ற 24 எளிய சொற்களைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்குச் சொற்களுக்குப் ‘புள்ளி வைத்த எழுத்து உண்டா?’ என்று கேளுங்கள். ‘சங்கு’ என்றால் ஆம், ‘நிலா’ என்றால் இல்லை. இதுவே நமக்குப் பெரிய எழுத்துக் கேள்விக்கு ஈடு. பொருளை நினைக்காமலேயே கண் விடை சொல்லிவிடும். இன்னொரு பங்குக்கு எதுகை: ‘வண்ணம்’ என்பதோடு ‘கிண்ணம்’ சேருமா? மீதிக்குப் பொருள்: ‘அடுக்களையில் வைக்கத்தக்கதா?’ ஒவ்வொரு வகையிலும் ஆம், இல்லை இரண்டும் சம அளவில் இருக்கட்டும். எல்லா வகைக் கேள்விகளையும் கலந்து கேளுங்கள். கேள்வியை முதலில் சொல்லிவிட்டுச் சீட்டை ஒரு நொடி மட்டும் காட்டி எடுத்துவிடுங்கள்.

நினைவுச் சோதனை என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்; வேகத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லலாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசி, தேநீர் குடித்து, பிறகு நினைவுக்கு வரும் சொற்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வந்த இரண்டிரண்டு சொற்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இடத்தின் காரணமாகவே அவை நினைவில் நிற்கும். வகைவாரியாக எண்ணும்போது ‘ஆம்’ பெற்றவற்றைத் தனியாகவும் ‘இல்லை’ பெற்றவற்றைத் தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் செய்யும்போது கேள்விகளைச் சொற்களுக்கிடையே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ‘குதிரை’ நினைவில் நின்றது கேள்வியாலா, குதிரை என்பதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். ஒருவரிடம் ஒரு முறைதான் செய்ய முடியும் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டாம் முறை உட்கார்பவர் சீட்டு மின்னும் முன்பே மனத்துக்குள் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்.